அம்மை கண்ட வீடு

கரிசல் நெருப்பு: வரலாற்றுத் தொடர் – 11

சென்ற வாரம்: 1801 மே 24. லெப்டினன்ட் கர்னல் அக்னியூவின் பீரங்கிகள் பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையைப் பிளந்தன. கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, உள்ளே புகுந்தது. உயிரோடு மிஞ்சிய வீரர்கள் ஒரே அணியாகத் திரண்டு கோட்டையை விட்டு வெளியேறினார்கள். குதிரைப்படை அவர்களைத் துரத்தி வெட்டியது. கோட்டை விழுந்துவிட்டது. ஆனால் யாரைப் பிடிக்க இத்தனை படை வந்ததோ, அந்த ஆள் மட்டும் சிக்கவில்லை. ஊமைத்துரை எங்கே?

1

புதியம்புத்தூர்க் கடைத்தெருவில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். சட்டையும் பாவாடையும் மூட்டை மூட்டையாக லாரியேறிப் போகும் ரெடிமேட் ஊர் இது. இங்கிருந்து ஓட்டப்பிடாரம் வழியாகப் பாஞ்சாலங்குறிச்சி சில மைல்தான். வழி நெடுகக் கரிசல். மழை பெய்தால் நடப்பவர் காலைப் பிடித்து இழுக்கும். வெயில் ஏறினால் பாளம் பாளமாக வெடித்து வாயைப் பிளக்கும். இன்று எங்கும் மண்டி நிற்கும் சீமைக்கருவேலம் அந்தக் காலத்தில் இந்த மண்ணுக்கு வந்திருக்கவில்லை. உடையும் விடத்தேரையும் பனையும் தந்த நிழல்தான் நிழல்.

1801 வைகாசி மாதம். கோட்டையிலிருந்து சுமார் 3 மைல் தள்ளி, ஒரு சிற்றூரை ஒட்டிய வெளியில் பிணங்கள் கிடக்கின்றன. பின்வாங்கிப் போனவர்களில் சிலர் அந்த இடத்தில் நின்று, திரும்பி, துரத்தி வந்த குதிரைப்படையோடு மோதி விழுந்திருந்தார்கள். அந்தப் பிணங்களுக்கு நடுவே ஒரு தாய் குனிந்து குனிந்து தேடுகிறாள். துணைக்கு இன்னொரு பெண். தாயின் மகன் சண்டைக்குப் போனவன். வீடு திரும்பவில்லை.

கும்பினிக்காரர்கள் இன்னும் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் துணைநிற்கும் எட்டயபுரத்துப் படையாட்கள் ஊர் ஊராகப் புகுந்து தேடுகிறார்கள். களத்தில் தேடிக்கொண்டு நிற்பவளைக் கண்டால், கலகக்காரன் வீட்டுப் பெண் என்று தெரிந்துவிடும். தெரிந்தும் அவள் தேடுகிறாள்.

மகன் கிடைத்தான். மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவளும் துணைக்கு வந்தவளும் அவனைத் தூக்கக் கை கொடுத்தபோது அவன் தடுத்தான். தடுத்து ஒன்று சொன்னான்.

இதை நமக்கு எழுதிவைத்தவர் பாஞ்சாலங்குறிச்சியின் ஆள் அல்லர். அந்தக் கோட்டையைத் தாக்கிய படையிலேயே இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி. 1830-இல் லண்டனில் வெளியான தன் ராணுவ நினைவுக் குறிப்புகளில் இந்தச் சம்பவத்தை அவர் விரிவாகச் சொல்கிறார். 1881-இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம் வெல்ஷின் குறிப்புகளை எடுத்தாள்கிறது. எதிரி தன் கையால் எழுதிய சாட்சியம் என்பதால் இதற்குக் கூடுதல் எடை உண்டு.

அந்த மகன் சொன்னது என்ன? அதன் கனம் நமக்கு விளங்கவேண்டுமானால் பத்தொன்பது மாதம் பின்னே போகவேண்டும். கயத்தாற்றில் ஒரு புளியமரத்தடிக்கு.

2

பயத்தை உண்டாக்குவது கும்பினி திட்டம் போட்டுச் செய்த வேலை. 1799 செப்டம்பரில் வீரபாண்டிய கட்டபொம்மனின் அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளையைப் பிடித்தபோது, நாகலாபுரத்தில் தூக்கிலிட்டதோடு அவர்கள் நிறுத்தவில்லை. தலையை வெட்டி, பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவந்து ஈட்டியில் செருகி வைத்தார்கள். செத்தவருக்கு இனி வலி இல்லை. அந்தத் தலை உயிரோடிருப்பவர்கள் பார்ப்பதற்காக வைத்தது.

கட்டபொம்மனைப் புதுக்கோட்டை நாட்டுத் திருக்களம்பூர்க் காட்டில் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கொடுத்தார்கள். மேஜர் பானர்மேன் அவரை இரகசியமாகக் கொன்றிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களை எல்லாம் கயத்தாற்றுக்கு வரவழைத்தார். 1799 அக்டோபர் 16 அன்று அவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க விசாரணை நடந்தது. தீர்ப்பு முன்பே முடிவாகிவிட்டது. விசாரணை என்ற பெயரில் நடந்தது, வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட எச்சரிக்கை.

இந்த முறையின் சூட்சுமத்தைக் கவனியுங்கள். அத்தனை பாளையக்காரர்களும் ஒரே இடத்தில்தான் இருந்தார்கள். ஆனாலும் ஒவ்வொருவரும் தனியாக இருந்தார். நாளை இதே மரத்தில் நானா, என் பிள்ளையா, என் பாளையம் என்னாகும் என்று தனித்தனியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பயம் ஒரு கூட்டத்தைப் பிடிக்கும்போது முதலில் அதைத் தனித்தனி ஆளாகப் பிரித்துவிடுகிறது. பிரிந்த ஆளை மடக்குவது சுலபம். அவர்களைக் கோழைகள் என்று இன்று உட்கார்ந்துகொண்டு சொல்வது எளிது. அவர்களில் பலர் சண்டை தெரிந்தவர்கள், தழும்பு உள்ளவர்கள். அவர்களுடைய மௌனத்தை வாங்கியது அந்தத் தனிமைதான்.

மறுநாள், அக்டோபர் 17 அன்று, பானர்மேன் சென்னை அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். கொன்றவர் கொல்லப்பட்டவரைப் பற்றி எழுதிய அறிக்கை அது. விசாரணை முழுவதும் அந்த மனிதர் கொஞ்சமும் அஞ்சவில்லை, அலட்சியத்தோடுதான் நின்றார் என்று அதில் இருக்கிறது. தன்னைப் பிடிக்கத் துணைபோன எட்டயபுரத்தாரையும், கூடவே சிவகிரியாரையும் சினமும் ஏளனமும் கலந்து பார்த்தார் என்று இருக்கிறது. தூக்குமரத்துக்கு நடந்தபோது நடை உறுதியாக இருந்தது, இரண்டு பக்கமும் இருந்த பாளையக்காரர்களை இகழ்ச்சியோடு பார்த்துக்கொண்டே போனார் என்று இருக்கிறது.

அதற்கடுத்து பானர்மேன் எழுதியதுதான் நம் கதைக்கு வேர். மரத்தை நோக்கிப் போகும் வழியில் கட்டபொம்மன் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் கவலைப்பட்டாராம். வாய் பேசமுடியாத தன் தம்பியை நினைத்து. மரத்தடிக்கு வந்ததும் கோட்டையை விட்டு வந்ததற்காக வருந்தினாராம். அதைக் காத்து நின்று அங்கேயே செத்திருக்கலாம் என்றாராம்.

மேடைகளிலும் திரையிலும் கட்டபொம்மனின் கர்ஜனையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1959-இல் வந்த படத்தில் அவராக வாழ்ந்த சிவாஜி கணேசன், பிறகு அதே கயத்தாற்றில் இடம் வாங்கிச் சிலை எழுப்பினார். அந்தக் கர்ஜனை நமக்கு வேண்டும். ஆனால் பானர்மேனின் அறிக்கை காட்டும் கட்டபொம்மன் அதைவிடப் பெரியவராக எனக்குத் தெரிகிறார். கயிறு கண்முன் தொங்குகிறது. 39 வயது. அந்த நேரத்தில் அந்த மனத்தில் தன் கழுத்தைப் பற்றிய நினைப்புக்கு இடமில்லை. இனி என் தம்பியை யார் பார்த்துக்கொள்வார் என்பதே நிறைந்திருக்கிறது. கலங்காமல் நிற்க அவரால் எப்படி முடிந்தது என்பதற்கு விடை அந்தக் கவலையில்தான் இருக்கிறது. தன்னைத் தவிர வேறொருவரை மனத்தில் ஏந்தியிருப்பவரைப் பயத்தால் தனிமைப்படுத்த முடிவதில்லை.

அந்தத் தம்பி ஊமைத்துரை அப்போது கும்பினியின் பிடிக்குள் போய்க்கொண்டிருந்தார்.

3

பாளையங்கோட்டைச் சிறை. ஊமைத்துரையும் அவருடைய சகோதரர் செவத்தையாவும் உறவினர்களும் இரும்புச் சங்கிலிகளில்.

வெளியே, கும்பினி தன் வேலையை முடித்துக்கொண்டிருந்தது. பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் என்று ஆறு பாளையங்கள் பறிமுதலாயின. பாஞ்சாலங்குறிச்சியின் நிலம் விசுவாசமாக இருந்தவர்களுக்குப் பங்கு போடப்பட்டது. கோட்டைகளை இடிக்க உத்தரவு. ஆயுதங்களை ஒப்படைக்க உத்தரவு. மீறி வைத்திருந்தால் உயிர் போகும் என்று அறிக்கை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரையோடு தரையாக்கப்பட்டது. கோட்டை இருந்த மண்ணில் ஆமணக்கு விதைத்தார்கள் என்று இந்த வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்வார்கள்.

எல்லாம் அடங்கிவிட்டதாகத்தான் தோன்றியது. ஓராண்டுக்கு மேல் அப்படியே போனது.

சிறைக்குள் வைசூரி வந்தது. அடைத்துவைத்த இடத்தில் அம்மை பரவினால் என்ன ஆகும் என்று அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நோயில் கிடந்த கைதிகளின் சங்கிலிகளைக் கழற்றினார்கள். இரும்பு இறங்கிய அந்த இடைவெளிக்காக வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்.

1801 பிப்ரவரி 2, மாலை. மேஜர் மெக்காலே வீட்டில் விருந்து. பாளையங்கோட்டையில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் அங்கே கூடியிருந்தார்கள். வெல்ஷும் இருந்தார். அதே நேரத்தில் மாறுவேடத்தில் ஆட்கள் சிறையை நெருங்கினார்கள். விறகுக் கட்டுக்குள் ஆயுதம். காவலர்கள் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர்களின் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டு கைதிகள் வெளியேறினார்கள்.

விருந்து நடந்த வீட்டுக்கு அவர்கள் போகவில்லை. போயிருந்தால் மாவட்டத்துக் கும்பினி அதிகாரிகளில் பெரும்பாலோரை ஒரே இரவில் முடித்திருக்கலாம். அவர்கள் கால்கள் வடகிழக்கே திரும்பின. அம்மை தின்ற உடம்போடு, ஏறத்தாழ 30 மைல், விடிவதற்குள். பாஞ்சாலங்குறிச்சிக்கு.

ஆனால் அங்கே கோட்டை இல்லையே? வெறும் மண்மேடுதானே?

4

மெக்காலே படை திரட்டிக்கொண்டு பிப்ரவரி 9 அன்று பாஞ்சாலங்குறிச்சிக்கு முன்னால் வந்து நின்றார். அங்கே கண்ட காட்சியை வெல்ஷ் வியப்பு மாறாமல் எழுதுகிறார். தரைமட்டமாக்கிய மதில் மறுபடி எழுந்து நிற்கிறது. அதன்மேல் சுமார் 1,500 பேர் ஆயுதத்தோடு நிற்கிறார்கள்.

ஒரு வாரத்துக்குள் அது எப்படி நடந்தது? கல்லும் காரையும் கொண்ட கோட்டையாக இருந்தால் நடந்திருக்காது. அது கரிசலைக் குழைத்து எழுப்பிய கோட்டை. இரண்டு பக்கம் சுமார் 500 அடி, இரண்டு பக்கம் சுமார் 300 அடி. மதில் உயரம் 12 அடி அளவு. சுற்றிலும் முள்வேலி. மண் அங்கேயே கிடக்கிறது. தேவைப்பட்டதெல்லாம் கைகள். ஆயுதம் வைத்திருந்தாலே உயிர் போகும் என்று அறிவித்திருந்த நாட்டில், ஈட்டியில் செருகிய தலையைக் கண்ணால் பார்த்த ஊர்களிலிருந்து, அத்தனை கைகள் வந்தன. மண் வெட்டினார்கள், மிதித்தார்கள், சுமந்தார்கள், அப்பினார்கள். பத்தொன்பது மாதக் கதையில் பயம் முதன்முறையாகத் தோற்ற இடம் அந்த மதில்தான். வாள் சுழற்றிய யாரும் அதைத் தோற்கடிக்கவில்லை. பக்கத்தில் இன்னொருவர் மண் சுமப்பதைப் பார்த்துத் தானும் சுமந்தவர்கள் தோற்கடித்தார்கள்.

மெக்காலே பாளையங்கோட்டைக்குத் திரும்பிப் போனார். ஊமைத்துரையின் ஆட்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அங்கே சிறைபிடித்த வெள்ளைக்காரத் துறைமுக அதிகாரியை, அவர் மனைவி பாஞ்சாலங்குறிச்சிக்கே வந்து மன்றாடியபோது விடுவித்தார்கள் என்று கால்டுவெல் பதிவு செய்கிறார்.

இந்த எழுச்சியின் நடுவில் நின்றவர் எப்படிப்பட்டவர்? வெல்ஷ் வரைந்து காட்டும் ஊமைத்துரை உயரமானவர், மெலிந்தவர், நோயாளி போன்ற தோற்றம் கொண்டவர். வாய் பேச்சு இல்லை. ஆனால் அவருடைய சின்ன அசைவும் அவர் ஆட்களுக்கு வேதவாக்கு. அவர் உத்தரவிடும் விதத்தையும் வெல்ஷ் சொல்கிறார். சிறு வைக்கோல் துண்டுகளை இடது உள்ளங்கையில் அடுக்குவார். அது கும்பினிப் படை. பிறகு சைகையால் நேரம், இடம் எல்லாம் காட்டுவார். கடைசியில் வலது கையை வீசி, வாயால் ஒரு சீற்றொலி எழுப்பி, அத்தனை துண்டுகளையும் ஒரே வீச்சில் துடைத்தெறிவார். தாக்கு என்று பொருள். அப்படிச் சொல்லிவிட்டு முதல் ஆளாகத் தானே போவார்.

மார்ச் 31 அன்று மெக்காலே மறுபடி வந்தார். இந்த முறை பீரங்கிகளோடு. மதிலில் உடைப்பு விழுந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் முள்வேலியைக் கடந்து உடைப்பில் ஏறினார்கள். ஏறியவர்கள் எல்லோரும் விழுந்தார்கள். மதிலுக்குப் பின்னால் மறைந்திருந்தவர்களின் நீண்ட ஈட்டிகள் உச்சிக்கு வந்த ஒவ்வொருவரையும் சாய்த்தன. தாக்கப் போன வெள்ளைச் சிப்பாய்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். கும்பினி மறுபடியும் பின்வாங்கியது.

அதன்பின் கும்பினி அவசரப்படவில்லை. மலபாரிலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் படைகளை வரவழைத்தது. அக்னியூவைத் தலைமைக்கு அனுப்பியது. மே 24 அன்று, சிறையுடைப்புக்குப் பின் நூற்றுப் பதினோராவது நாள், கோட்டை விழுந்தது.

இனி நாம் அந்தக் களத்துக்குத் திரும்பலாம். தாய் மகனின் முகத்தருகே குனிந்திருக்கிறாள்.

5

மகன் சொன்னது இதுதான். என்னை விட்டுவிடு ஆத்தா. நான் போகிறேன். பக்கத்தில் சாமி காயம்பட்டுக் கிடக்கிறார், அவர் உயிரைக் காப்பாற்று.

'சாமி' என்றுதான் அந்த இளைஞன் சொன்னதாக வெல்ஷ் எழுதுகிறார். தான் உயிருக்கு மேலாக மதித்தவரை அவன் அப்படித்தான் அழைத்திருக்கிறான். சற்றுத் தள்ளி ரத்த வெள்ளத்தில் கிடந்தவர் ஊமைத்துரை.

அந்தத் தாயின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பெற்ற பிள்ளை, இன்னும் மூச்சோடு. இன்னொரு பக்கம் இந்தச் சீமையிலேயே கும்பினி மிக அதிகமாகத் தேடும் ஆள். மகனைத் தூக்கிப் போனால், அவன் பிழைக்காவிட்டாலும், மடியில் போட்டு வழியனுப்பலாம். இந்த ஆளைத் தூக்கிப் போனால், கண்டுபிடித்தால் அவளுக்கும் அவள் ஊருக்கும் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாகலாபுரத்துத் தலையும் கயத்தாற்றுக் கயிறும் இந்தக் கரிசலில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்தவை. பயமுறுத்துவதற்கென்றே செய்தவை அல்லவா?

அவள் மகனின் சொல்லை ஏற்றாள். துணைக்கு வந்தவளும் அவளுமாகக் காயம்பட்டவரைத் தூக்கினார்கள். கிடந்த மகனுக்கு முதுகு காட்டி நடந்தார்கள்.

வெல்ஷின் பக்கங்களில் அவள் பெயர் இல்லை. மெக்காலே, அக்னியூ, பானர்மேன் எல்லோருக்கும் பெயர் உண்டு, பதவி உண்டு, தேதி உண்டு. அவளுக்கு இந்த ஒரு செயல் மட்டும்தான் உண்டு. கயத்தாற்றில் கட்டபொம்மன் கேட்ட கேள்விக்கு, பத்தொன்பது மாதம் கழித்து, அவரை நேரில் பார்த்திருப்பாளோ மாட்டாளோ, அவள்தான் பதில் சொன்னாள். என் தம்பியை யார் பார்த்துக்கொள்வார்? இவள் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் கொண்டுவந்து கிடத்தியாயிற்று. ரத்தத்தைத் துடைத்துக் காயத்துக்குக் கட்டுப் போட்டாயிற்று. தெருவில் காலடிச் சத்தம்.

எட்டயபுரத்து ஆட்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள்.

6

ஓடவைக்க வழியில்லை. காயம்பட்டவரால் எழ முடியாது. ஒளித்துவைக்க இடமில்லை. கரிசல்காட்டுக் குடியானவர் வீடு எத்தனை அறை இருந்துவிடும்? சண்டை போட ஆளில்லை. இருந்தவர்கள் பெண்கள். மிச்சமிருந்தது சில விநாடிகளும் ஒரு துணியும்.

அவர்கள் துணியை எடுத்து அந்த உடம்பைத் தலை முதல் கால் வரை மூடினார்கள். மூடிவிட்டு ஓங்கி அழத் தொடங்கினார்கள்.

வந்தவர்கள் வாசலில் நின்று என்னவென்று கேட்டார்கள். பாவம், ஒரு பையன், வைசூரி கண்டு இப்போதுதான் போய்விட்டான் என்று பதில் வந்தது.

எட்டயபுரத்து ஆட்கள் துணியை விலக்கிப் பார்க்கவில்லை. வாசற்படியைத் தாண்டவில்லை. ஊரை விட்டே ஓடினார்கள்.

இதைப் படித்துவிட்டு அந்த வீரர்களை இகழத் தோன்றலாம். அது நியாயமில்லை. அவர்கள் பாஞ்சாலங்குறிச்சி ஈட்டிகளுக்கு முன்னால் நின்றவர்கள், அந்தப் போரில் தங்கள் ஆட்களை இழந்தவர்கள். வைசூரிக்கு அவர்கள் பயந்ததில் பொருள் உண்டு. இங்கிலாந்தில் ஜென்னர் அம்மைப்பால் பற்றி எழுதியது 1798-இல்தான். இந்தியாவில் முதல் அம்மைப்பால் 1802 ஜூனில் பம்பாயில் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தப்பட்டது. இந்தச் சம்பவத்துக்கு ஓராண்டுக்குப் பின். 1801 வைகாசியில் இந்த மண்ணில் அம்மைக்கு இருந்த காப்பு வேப்பிலையும் வேண்டுதலும்தான். அம்மை கண்ட வீட்டுக்குள் போனவன் அதைத் தன் வீட்டுக்கும் சேர்த்துத் தூக்கி வருவான். ஈட்டி ஒருவனைக் கொல்லும். இது அவன் பிள்ளைகளையும் கொல்லும்.

அந்தத் தாய்க்கு அது தெரிந்திருந்தது. எந்தப் பயம் எவரை நிறுத்தும் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்ததைப் போலவே அவளுக்கும் தெரிந்திருந்தது. கும்பினி பயத்தை ஆட்களை மடக்கப் பயன்படுத்தியது. அவள் அதே பயத்தை ஓர் உயிருக்கு வேலியாகக் கட்டினாள். பாளையங்கோட்டையில் ஊமைத்துரையின் சங்கிலியைக் கழற்றியதும் அம்மை. இந்த வாசலில் அவரைக் காத்ததும் அம்மை. முதலாவது நோய் தானாக வந்தது. இரண்டாவது, ஒருத்தி தன் நாவிலிருந்து எடுத்து வாசலில் நிறுத்தியது.

அவள் நடுங்கவில்லை என்று நான் எழுதமாட்டேன். நடுங்கியிருப்பாள். வாசலில் ஆயுதம் தாங்கிய ஆட்கள் நிற்கும்போது நடுங்காத உடம்பு உண்டா? துணிவு என்றால் பயமே இல்லாத நிலை என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தப் பாடம் எளிய மனிதர்களை வதைக்கிறது. நெஞ்சு படபடப்பதை உணர்ந்ததும், நாம் கோழை, நம்மால் ஆகாது என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். கயத்தாற்றுப் புளியமரத்தடியும் இந்த வீட்டு வாசலும் சொல்லும் பாடம் வேறு. பயம் வரும், கை நடுங்கும். அந்தக் கை எதைப் பிடித்திருக்கிறது என்பதே கேள்வி. கட்டபொம்மனின் மனம் தம்பியைப் பிடித்திருந்தது. சாகக் கிடந்த மகனின் மனம் அவன் சாமியைப் பிடித்திருந்தது. தாயின் மனம் மகனின் கடைசிச் சொல்லைப் பிடித்திருந்தது. மூவரும் அதனால்தான் விழாமல் நின்றார்கள்.

அந்த அழுகையை ஏன் எவரும் சந்தேகிக்கவில்லை? அதில் பொய் இல்லை. எட்டயபுரத்து ஆட்கள் காதில் விழுந்தது நடிப்பு என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. சற்று முன்புதான் அவள் தன் பிள்ளையைக் களத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவன் இந்நேரம் கண்ணை மூடியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்காக அழ அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. துணிக்கு அடியில் கிடந்தவர் உயிரோடு இருந்தார். அவள் அழுதது இறந்துகொண்டிருந்த மகனுக்காக. அவ்வளவு உண்மையான ஒப்பாரிக்கு முன்னால் எந்தக் காவலாளும் துணியை விலக்கியிருக்கமாட்டான்.

7

காயம் ஆறத் தொடங்கியது. ஊமைத்துரை எழுந்து நடந்தார்.

அக்னியூவின் படையில் மறுபடி பரபரப்பு. கோட்டை விழுந்தது, ஆள் செத்திருப்பான் என்று நினைத்த நேரத்தில், அவன் கிழக்கே கமுதிப் பக்கம் தென்பட்டதாகச் செய்தி. உயிர் தப்பிய வீரர்கள் அவரைச் சுற்றி மறுபடி திரள்கிறார்கள். அவர்கள் போகும் திசை தெளிவாகத் தெரிந்தது. சிவகங்கைச் சீமை. மருது சகோதரர்களின் சிறுவயல்.

இங்கேதான் கதை இறுகுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே போல ஒருவர், இதே கும்பினியால் துரத்தப்பட்டு, வடக்கே போனார். அவர் பெயர் கட்டபொம்மன். போய்ச் சேர்ந்த இடம் புதுக்கோட்டை நாடு. அங்கே என்ன நடந்தது, அதன் முடிவு கயத்தாற்றில் எப்படி ஆனது என்று பார்த்தோம். இப்போது தம்பி வருகிறார். மருது சகோதரர்களுக்கு அந்தக் கதை முழுக்கத் தெரியும். அடைக்கலம் கொடுத்தால் கும்பினியின் படை சிவகங்கைக்குத் திரும்பும். பிடித்துக் கொடுத்தால் சீமை மிஞ்சும். ஆறு பாளையங்களுக்கு நேர்ந்தது அவர்கள் கண்முன் கிடக்கிறது. பெயர் தெரியாத ஒரு தாய் தன் வீட்டு வாசலில் சில விநாடிகளில் எடுத்த முடிவை, ஒரு சீமையை ஆள்பவர்கள் எடுக்க வேண்டிய நேரம்.

அந்த முடிவு எடுக்கப்பட்ட கொஞ்ச நாளில், 1801 ஜூன் 16 அன்று, திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரில் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. அதைப் படித்த கும்பினி அதிகாரிகள் திடுக்கிட்டுப்போனார்கள்.

திடுக்கிட்டவர்களுக்கு நடுவே நம் வெல்ஷும் இருந்திருப்பார். அவருக்கு மட்டும் அதில் இன்னொரு வலி இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், மதுரையில் இளம் அதிகாரியாக இருந்தபோது, ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஒருவர் இருந்தார். அவரைக் குருவாகவும் நண்பராகவும் வெல்ஷ் மதித்தார். இப்போது அவர் தலைக்குத்தான் வெல்ஷின் படை வழி தேடிப் புறப்படுகிறது.

அந்தக் குருவின் பெயர் சின்ன மருது.

சிறுவயல் கோட்டைக் கதவுக்கு முன்னால், காயம் ஆறியும் ஆறாமலும் ஊமைத்துரை வந்து நிற்கிறார். கதவு திறந்ததா? திறந்த கைகள் அணைத்தனவா, கட்டினவா? சுவரில் ஒட்டிய அந்த அறிக்கை யாரை அழைத்தது?

(அடுத்த வாரம் தொடரும்)